தண்ணீர் மாறவில்லை, வீடுதான் மாறியது: எமது கேத்தலில் படியும் கல்லின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

புத்தளம் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிய யாரிடம் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான் வரும். எலக்ட்ரிக் கேத்தல் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அடியில் வெள்ளைப் பொருக்கு. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது. வோஷிங் மெஷினுக்குள் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. சுடுதண்ணீர் ஹீற்றர் இரண்டு வருடத்தில் எரிந்துவிட்டது. பைப் பாஸ் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரர், "நாங்க தந்த சாமான் நல்லது, உங்கட தண்ணிதான் பிழை" என்பார். வீட்டுக்காரர், "இது டூப்ளிகேட் சாமான்" என்பார்.

எல்லோரும் சொல்லும் இன்னொரு வார்த்தையும் உண்டு: "அந்தக் காலத்துல தண்ணி நல்லா இருந்திச்சு. இப்பதான் பழுதாகிட்டு."

இந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எமது கிணறுகளில் சில இடங்களில் உப்பு ஏறியிருக்கலாம், உரமும் அழுக்கும் கலந்திருக்கலாம். அவை வேறு விடயங்கள். ஆனால் கேத்தலில் படிகிற அந்த வெள்ளைக் கல் நேற்று வந்ததல்ல. மூத்தம்மாமார் அள்ளிக் குடித்த தண்ணீரிலும் அது இருந்தது. அவர்களுக்கு அது ஏன் இவ்வளவு தொல்லை தரவில்லை, எங்களுக்கு மட்டும் ஏன் தருகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கல் எங்கிருந்து வருகிறது?

அருவக்காட்டுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணைக் கிளறினால் வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை ரயிலில் ஏற்றி வந்துதான் பாலாவிப் பக்கத்துத் தொழிற்சாலையில் சீமெந்து செய்கிறார்கள். இந்தக் கல் மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 230 இலட்சம் வருடங்களுக்கும் 50 இலட்சம் வருடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தக் கரை கடலுக்குள் இருந்தபோது, சிப்பியும் பவளமும் இன்னும் சிறு உயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து உண்டானது. புத்தளத்துக்கு வடக்கே தொடங்கி மன்னார்க் கரையோரமாகச் சென்று யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் அடியில் இந்தக் கல் பட்டி கிடக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததற்கும் காரணம் இதே கல்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களில் இருந்து வந்தவர்கள் தாங்கள் பிறந்த மண்ணை இழந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் வந்து இறங்கியது அதே கல் பட்டியின் மறுமுனையில். முகாமில் முதன்முதல் காய்ச்சிய தண்ணீரின் மேல் மிதந்த வெள்ளைப் பாடையைப் பார்த்து, "எங்கட ஊர்த் தண்ணி மாதிரித்தான்" என்று சொன்ன பெரியவர்கள் இன்னும் எமக்கிடையில் இருக்கிறார்கள்.

மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. மழை விழும்போது காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டு வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற அதே வாயுவை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. இப்போது அது மிக மெல்லிய அமிலம். சோடாப் போத்தலில் இருப்பதும் இதே வாயுதான். இந்தப் புளிப்பேறிய தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் போய்க் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரையாத கல்சியம் காபனேற்று, கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறுகிறது. பார்வைக்குப் பளிங்குபோல இருக்கும் தண்ணீருக்குள் கல் ஒளிந்திருக்கிறது.

அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் வாயு பறந்துவிடும். வாயு போனதும் கல்லைக் கரைத்து வைத்திருந்த பலம் போய்விடும். கல் திரும்பவும் கல்லாகிவிடும். கேத்தலின் அடியில் நாம் காண்பது அருவக்காட்டுக் கல்லின் தம்பிதான்.

பாடப்புத்தகத்தில் இதை வன்னீர் என்கிறோம். ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான அளவு இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். 60 வரை மென்னீர். 120க்கு மேல் வன்னீர். 180ஐத் தாண்டினால் மிகவும் வன்னீர். எமது நாட்டின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 மொத்த வன்மைக்கு வைத்திருக்கும் உச்ச எல்லை 250.

மூத்தம்மாமார் எப்படிச் சமாளித்தார்கள்?

வன்மை, மென்மை என்ற சொற்கள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் வேகாது என்று நன்றாகத் தெரியும். கல்சியம் பருப்பின் தோலை இறுக்கிவிடுகிறது என்று இன்று நாம் விளக்கம் சொல்கிறோம். அவர்கள் விளக்கம் இல்லாமலேயே, சமையலுக்கு ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு, உடுப்புத் தோய்க்கக் குளம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். குளத்தில் நிற்பது பெரும்பாலும் மழை வெள்ளம். அதில் சவர்க்காரம் நுரைக்கும். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரத்தைக் கல்சியம் பிடித்துக்கொள்ளும். நுரை வராது, பிசுபிசுவென்று வெள்ளை அழுக்குத்தான் மிதக்கும்.

பாத்திரங்களையும் பாருங்கள். தண்ணீர் காய்ச்சியது வாய் அகன்ற பானையில். அடியில் பொருக்குப் பிடித்தால் கையை உள்ளே விட்டுத் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். புளிச்சக்கையும் தேசிக்காய்த் தோலும் வீணாகப் போகவில்லை. அவற்றின் புளிப்பு கல்லைக் கரைத்தது. பானை விறகு நெருப்பில் இருந்தது. அடியில் கொஞ்சம் கல் இருந்தாலும் நெருப்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளினால் போதும்.

கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போடும் வழக்கமும் இருந்தது. நெல்லி மரத்தில் துவர்ப்புத் தரும் டனின் இருக்கிறது. தண்ணீரின் சுவை அதனால் மாறும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையை உரைத்துப் போட்டார்கள். அதுவும் நல்ல வேலை செய்யும். ஆனால் தேத்தாங்கொட்டை சேற்றை அடியில் இறக்கும், கரைந்திருக்கும் சுண்ணாம்பை அகற்றாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு இப்போது சிலர் தாங்கிக்குள் எதையெதையோ போடுகிறார்கள்.

பழைய பள்ளிவாசல்களில் இருந்த ஹவுழையும் நினைத்துப் பாருங்கள். திறந்த தொட்டி. அதிலும் இதே கிணற்றுத் தண்ணீர்தான். சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு படிந்திருக்கும். வருடத்தில் ஓரிரு தடவை இளைஞர்கள் இறங்கித் தேய்த்துக் கழுவுவார்கள். அவ்வளவுதான். அடைபட அங்கே துவாரம் இல்லை. இறுகிப்போக வோஷர் இல்லை. எரிந்துபோக மின்கம்பி இல்லை.

கல் எங்கு வேண்டுமானாலும் படியலாம். அது படிகிற இடத்துக்குக் கை போகுமா, போகாதா என்பதுதான் கேள்வி.

ரோமருக்கும் இதே பிரச்சினை

மூடிய குழாயும் கால்வாயும் கட்டியவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள். பிரான்ஸின் தெற்கில் நீம் என்ற நகரம் இருக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமர் அந்த நகரத்துக்குச் சுமார் 50 கிலோமீற்றர் தூரத்திலிருந்து கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பொன் து கார்ட் என்ற மூன்றடுக்குப் பாலம் அந்தக் கால்வாயின் ஒரு பகுதி. தண்ணீர் சுண்ணாம்பு மலையின் ஊற்றிலிருந்து வந்தது. கால்வாயின் இரு பக்கச் சுவர்களிலும் கல் படியத் தொடங்கியது. சில இடங்களில் படிவின் தடிப்பு ஏறத்தாழ அரை மீற்றர். பராமரிப்பு நின்றுபோனதும் தண்ணீர் செல்லும் வழி குறுகிக்கொண்டே வந்தது. பிற்காலத்தில் ஊர் மக்கள் அந்தப் படிவையே வெட்டியெடுத்துக் கட்டடங்களுக்குக் கல்லாகப் பயன்படுத்தினார்கள்.

ரோம் நகரின் தண்ணீருக்குப் பொறுப்பாகக் கி.பி. 97இல் நியமிக்கப்பட்ட பிரொன்டினஸ், கால்வாய்களுக்குள் படிவு இறுகிப் பொருக்காகித் தண்ணீரின் வழியைக் குறுக்குவதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இன்று எமது பைப் பாஸ் சொல்வதும் அதே முறைப்பாடுதான்.

தண்ணீரை அளந்து பார்க்கும் எண்ணமும் பழையது. இப்னு ஸீனா (980–1037) தனது அல்கானூன் என்ற மருத்துவ நூலில் ஒரு சோதனை சொல்கிறார். ஒரே நிறையுள்ள இரண்டு துணித்துண்டுகளை எடு. இரண்டு வெவ்வேறு தண்ணீரில் நனை. நன்றாகக் காயவை. பிறகு நிறுத்துப் பார். எது இலேசாக இருக்கிறதோ அந்தத் தண்ணீர் சிறந்தது. ஏன்? தண்ணீர் காய்ந்துவிடும், அதில் கரைந்திருந்தது துணியிலேயே தங்கிவிடும். இன்று ஆய்வுகூடத்தில் தண்ணீரை வற்ற வைத்து எச்சத்தை நிறுக்கிறார்கள். யோசனை ஒன்றுதான், தராசுதான் கூர்மையாகியிருக்கிறது.

விளக்கம் வந்தது 18ஆம் நூற்றாண்டில். ஜோசப் பிளெக் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் 1750களில், சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு வாயு அடைபட்டுக் கிடக்கிறது, சுட்டால் அது வெளியேறும் என்று காட்டினார். 1767இல் ஹென்றி கவென்டிஷ் இலண்டனின் ஒரு தெருப் பம்பிலிருந்து தண்ணீர் எடுத்துக் காய்ச்சி, அந்த வாயு வெளியேறுவதால்தான் வெள்ளைப் படிவு விழுகிறது என்று எழுதினார். நாம் 11ஆம் வகுப்பில் படிப்பிக்கும் பாடத்தின் பிறப்பிடம் ஒரு தெருவோரப் பம்பு.

உருளைக்கிழங்கும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

பிறகு நீராவி இயந்திரம் வந்தது. விளையாட்டு வினையானது அங்கேதான். கொதிகலனுக்குள் கல் படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. செம்போடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலக்கரி வீணாகும். அதைவிட மோசம், தண்ணீர் தொடாத இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி இளகும். அப்படி வெடித்த கொதிகலன்கள் பல உயிர்களைக் குடித்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரக்காரர்கள் கொதிகலனுக்குள் உருளைக்கிழங்கு போட்டார்கள், மரப்பட்டையின் டனின் போட்டார்கள், கல் இறுக ஒட்டாமல் சேறாக நிற்கட்டும் என்று. நெல்லிக்கட்டையில் இருக்கும் துவர்ப்புக்கும் அந்தப் பட்டையின் துவர்ப்புக்கும் பெயர் ஒன்றுதான்.

1841இல் அபர்டீன் நகர இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கிளார்க் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பை எடுக்க, சுண்ணாம்பையே போடு! வெற்றிலை வட்டாவில் இருக்கிறதே, அந்த நீற்றின சுண்ணாம்பு. அது தண்ணீரிலுள்ள வாயுவைப் பிடித்துக்கொள்ளும். வாயு போனதும், போட்ட சுண்ணாம்பும் முன்னே இருந்த சுண்ணாம்பும் சேர்ந்து அடியில் விழுந்துவிடும். பெரிய நீர் வழங்கல் நிலையங்களில் இந்த முறை இன்றும் இருக்கிறது. சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, எப்போது நுரை நிற்கிறது என்று பார்த்து வன்மையை அளக்கும் முறையும் கிளார்க்குடையதுதான். (வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தாங்கிக்குள் போட வேண்டாம். அளவு தவறினால் தண்ணீர் காரமாகி, இருந்ததைவிட மோசமாகும்.)

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் வேறு வழி பார்த்தது. 1859இல் மலை ஏரி ஒன்றிலிருந்து மென்னீரைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் வீடுகளில் சவர்க்காரச் செலவு நன்றாகக் குறைந்தது என்று பேசப்பட்டது. அதே கிளாஸ்கோவில் பிறந்தவர்தான் தோமஸ் லிப்டன். 1890இல் எமது நாட்டுக்கு வந்து மலையகத்தில் தோட்டங்கள் வாங்கியவர். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற தேயிலை என்று விளம்பரம் செய்து, ஒவ்வொரு ஊரின் தண்ணீருக்கும் தனித்தனிக் கலவை விற்றார். அது வெறும் வியாபாரத் தந்திரமல்ல. எமது பிளேன்டியின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு பாடை மிதக்கும். அது தேயிலையின் குற்றமில்லை, கல்சியமும் தேயிலைச் சாரமும் சேர்ந்த பாடை. நாலு துளி தேசிக்காய் விட்டால் மறைந்துவிடும்.

எமது உப்பளத்தில் இருக்கும் பாடம்

மூன்றாவது வழி எமக்கு மிகவும் நெருக்கமானது. 1850இல் இங்கிலாந்தில் எச்.எஸ். தொம்சன், ஜோன் வே என்ற இருவர், சில மண் வகைகள் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருக்கும் இன்னொன்றை விடுவிக்கின்றன என்று அவதானித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ரொபர்ட் கான்ஸ் இதைத் தண்ணீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். இன்றைய மென்னீர்க் கருவிக்குள் சிறு மணிகள் இருக்கும். அவற்றில் சோடியம் ஒட்டியிருக்கும். வன்னீர் அதனூடாகப் போகும்போது மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால் திரும்பவும் வேலைக்குத் தயார். ஆக, உலகம் முழுவதும் வீடுகளில் வன்னீரை மாற்றுவது சாதாரணக் கறியுப்பு. அந்த உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டுதான் நாம் கல்லோடு மல்லுக்கட்டுகிறோம்.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கடல் நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது எல்லாம் ஒன்றாக விழாது. முதலில் சுண்ணாம்பு படியும். பிறகு ஜிப்சம். அதற்குப் பிறகுதான் உப்பு. கசப்பான மகனீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். கேத்தலில் நடப்பதும் இதன் முதற்படிதான். கொதிக்க வைத்தால் விழுவது காபனேற்று மட்டும். அதனால்தான் அதைத் தற்காலிக வன்மை என்கிறோம். ஜிப்சமும் மகனீசியச் சல்பேற்றும் கொதித்தாலும் விழாது. அது நிரந்தர வன்மை. கொதித்து ஆறிய தண்ணீரிலும் சில ஊர்களில் சவர்க்காரம் நுரைக்காததற்குக் காரணம் இது.

எமது வீடு எப்போது மாறியது?

கிணற்றடி வீட்டுக்குள் வந்தது ஒரு தலைமுறைக்குள். முதலில் மின்சாரம், பிறகு மோட்டார், கூரைமேல் தாங்கி, சுவருக்குள் குழாய், கடைசியில் இயந்திரங்கள். ஆழ்கிணற்றுக் குழாய் அடித்ததும் சில இடங்களில் நேரடியாகச் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீரே மேலே வந்தது.

இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் யோசியுங்கள். பல வீடுகளுக்கு முதல் வோஷிங் மெஷினும், நீராவி அயர்ன் பெட்டியும் குவைத், கட்டார் போன்ற நாடுகளில் உழைத்தவர்களின் வியர்வையில் வந்தவை. அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் கடல் நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அங்கே எத்தனையோ வருடம் உழைத்த அதே மாதிரி அயர்ன், இங்கே சில மாதத்தில் உடுப்பில் வெள்ளைப் பொடியைத் துப்புகிறது. கொழும்பில் இருக்கும் உறவினர், "எங்கட ஹீற்றர் பத்து வருஷமா ஓடுது" என்றால் அதுவும் உண்மைதான். மலைப்பாறைகளின் மேல் ஓடிவரும் ஆற்று நீர் அவர்களுடையது. அந்தப் பாறை கரையாத பாறை.

ஒரு கணக்குப் போடுவோம். வன்மை 300 என்று வைப்போம். நாளொன்றுக்கு ஒரு வீட்டின் ஹீற்றர் 100 லீற்றர் தண்ணீரைச் சூடாக்கினால், அதற்குள்ளால் போகும் சுண்ணாம்பு 30 கிராம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் ஒரு கிலோவுக்கு மேல் கல். அது படிவது சரியாக மின்கம்பிச் சுருளின் மேல், ஏனென்றால் மிகவும் சூடான இடம் அதுதான். விறகுக்குப் பதில் இப்போது மின்சாரம். சுருளின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கடைசியில் சுருளே எரிகிறது. அன்றைய கொதிகலனின் கதை, சிறிய அளவில் எங்கள் குளியலறைச் சுவரில்.

பச்சைத் தண்ணீர்க் குழாயில் கல் மெதுவாகத்தான் படியும். ஆகவே பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திடீரென்று குறைந்தால் உடனே சுண்ணாம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். மணல், துரு, குழாய் பொருத்தும்போது உள்ளே வழிந்த பசை, பாதி மூடிய வோல்வ் என்று பாருங்கள். மெஷினுக்குத் தண்ணீர் ஏறும் இடத்தில் ஒரு சிறு வலைச் சல்லடை இருக்கும். பல தடவை அடைப்பு அங்கேதான். குழாயின் வாயிலும் ஷவரிலும் கல் வேகமாகப் படிவதற்குக் காரணம், அங்கே தண்ணீர் காற்றைத் தொடுகிறது, துளி நின்று காய்கிறது.

அப்படிப் படிந்த கல் வோஷரைக் கீறும். குழாய் சொட்டத் தொடங்கும். செக்கனுக்கு ஒரு துளி என்றால் நாளைக்கு 86,400 துளி. இருபது துளியை ஒரு மில்லிலீற்றர் என்று கணக்கிட்டாலும் 4 லீற்றருக்கு மேல். பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடத்தில் வரிசையாகப் பத்துக் குழாய் இப்படிச் சொட்டினால் நாளைக்கு 40 லீற்றர். ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் கூடாது என்று படித்த சமுதாயம் நாம்.

பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்

"இந்தக் கல் வயித்துக்குள்ளயும் இப்பிடித்தானே படியும்?" என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். இல்லை. உடம்பு கேத்தல் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் வன்மைக்கென்று உடல்நல அடிப்படையிலான எல்லை எதையும் வைக்கவில்லை. எஸ்.எல்.எஸ். எல்லை ஒரு தர அளவு. கல்சியமும் மகனீசியமும் உடம்புக்கு வேண்டியவையும்கூட. சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் ஆபத்து. தண்ணீர் போதாமல் குடிப்பது கல் உண்டாவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கிணற்றில் புளோரைட்டு, நைத்திரேற்று இருக்கிறதா என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய விடயம்.

வன்னீருக்கு நல்ல பக்கமும் உண்டு. ஈயக் குழாய்கள் இருந்த பழைய ஐரோப்பிய நகரங்களில் குழாயின் உட்புறம் படிந்த மெல்லிய சுண்ணாம்புப் படை ஈயம் தண்ணீரில் கலப்பதைத் தடுத்தது. மென்னீர் வந்த கிளாஸ்கோவில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஈயம் தண்ணீரில் கரைந்து, பிற்காலத்தில் தண்ணீருக்கே சுண்ணாம்பு சேர்க்க வேண்டி வந்தது.

இனி, கையில் இருக்கும் காசை எங்கே போடுவது என்று பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு போத்தலில் மழைநீர், இன்னொன்றில் உங்கள் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். (சலவைத்தூள் வேண்டாம். அது வன்னீரிலும் நுரைக்கும்படி செய்தது.) வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சரியான எண் வேண்டுமென்றால் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம் போன்ற இடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

கேத்தலுக்கு வினாகிரியும் தண்ணீரும் பாதிப் பாதி, அல்லது நாலைந்து தேசிக்காயின் சாறு. ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, ஒரு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு, இரண்டு முறை அலசுங்கள். மாதம் ஒரு தடவை போதும். கல் தடிக்கும்வரை காத்திருந்தால் அது சுருளோடு இறுகிவிடும். ஷவர்த் தலையைக் கழற்றி அதே வினாகிரியில் ஊறப்போடலாம்.

கழிப்பறைக்கு வாங்கும் கடும் அமிலத்தைக் குழாய்க்கும் கேத்தலுக்கும் ஊற்றாதீர்கள். பளபளப்புப் பூச்சு போய்விடும். அமிலத்தையும் குளோரின் போத்தலையும் ஒருநாளும் கலக்காதீர்கள். வரும் வாயு நெஞ்சை எரித்துவிடும்.

ஹீற்றரின் வெப்பத்தை 60 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கு மேலே போகப் போகக் கல் வேகமாகப் படியும். வருடத்தில் ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு உள்ளே கழுவுங்கள்.

ஆர்.ஓ. கருவி குடிதண்ணீருக்கு உதவும். ஆனால் சமையலறையில் பூட்டிய கருவி குளியலறைக் குழாயையோ மெஷினையோ காப்பாற்றாது. அது ஒரு பகுதித் தண்ணீரைக் கழிவாக வெளியே விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினால் கல் படியாது என்று விற்பவர்களுக்குக் காசு கொடுக்குமுன் யோசியுங்கள். அது நம்பகமாக வேலை செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மழைநீரைவிட மலிவான மென்னீர் கிடையாது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றர் பெய்தால் 50,000 லீற்றர். அதில் சிறு பகுதியைப் பிடித்து வைத்தாலும் அயர்னுக்கும் வெள்ளை உடுப்புக்கும் காணும். முதல் மழையின் அழுக்கை வெளியே விடுங்கள். தொட்டியை மூடி வையுங்கள், நுளம்பு பெருகும்.

முக்கியமாக, இப்போது வீடு கட்டுபவர்களுக்கும் பள்ளிவாசல், மதரஸா, பாடசாலைக் கட்டட வேலைகளைப் பொறுப்பெடுத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டைல்ஸின் நிறத்தைத் தெரிவு செய்யப் பல நாள் செலவிடுகிறோம். அதற்கு முன் ஒரு நாள் செலவழித்துத் தண்ணீரின் வன்மையை அளந்து பாருங்கள். சுடுதண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் முழுவதும் புதைக்காமல், கழற்றக்கூடிய இணைப்புகளோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் தனி வோல்வ் வைக்கச் சொல்லுங்கள். வுழூக் குழாய்களுக்கு வோஷர் மாற்ற எளிதான வகையை வாங்குங்கள். கை போகக்கூடிய இடமாக வைத்துக்கொண்டால் இந்தத் தண்ணீரோடு இன்னும் பல தலைமுறை வாழலாம்.

உங்கள் பகுதியில் சோதித்த எண் ஏதும் இருந்தால், எந்த ஊர், கிணறா குழாய்க்கிணறா, எத்தனை அடி ஆழம் என்ற விபரத்தோடு கீழே எழுதுங்கள். பத்து இருபது ஊர்களின் எண் சேர்ந்தால், பிள்ளைகளைக் கொண்டு எமது பகுதிக்கு ஒரு வன்னீர் வரைபடம் வரையலாம் என்று இருக்கிறேன். புதிதாகக் கிணறு வெட்டுபவருக்கும் மெஷின் வாங்குபவருக்கும் அது உதவும்.